சென்றாயன் கால் தவறவில்லை

திருச்செங்கோடு,
நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மாதேஷ் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் இருக்கிறது. எண்ணெய் தடவி ஆதரவு திரட்டிக்கொண்டிருக்கிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் போன் உன்னிடம் இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். போன வாரம் நான் போட்ட நான்கு செய்திகளுக்கும் கும்பிடு போடும் கைகள்தான் பதிலாக வந்தன. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்று போட்டதற்கும் அதே கும்பிடு. உன் உதவியாளர் நல்லவர்தான். ஆனால் நான் எழுதப்போவது அவர் படிக்க வேண்டிய விஷயம் இல்லை. அதனால் ஸ்பீடு போஸ்ட். உறையின் மேல் 'சொந்த விஷயம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். மரியாதை தெரிந்தவராக இருந்தால் பிரிக்க மாட்டார்.

போன கூட்டத்தொடரில் நீ நாடாளுமன்றத்தில் பேசிய முதல் பேச்சை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு. உனக்குக் கிடைத்தது மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. அவைத் தலைவருக்கு நன்றி, கட்சித் தலைமைக்கு நன்றி, வாக்களித்த மக்களுக்கு நன்றி, வாக்களிக்காத மக்களுக்கும் நன்றி. இதிலேயே ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி போயிற்று. ரயில்வே மேம்பாலத்துக்கு வந்தபோது மணி அடித்துவிட்டார்கள். பாலம் உன் பேச்சிலும் பாதியில் நின்றது. இங்கே எல்லோரும் பிரமாதம் என்றார்கள். நான் சொல்லவில்லை. நீ என்னிடம் அதை எதிர்பார்க்கவும் மாட்டாய்.

அம்மாவுக்கு வேறு கவலை. டி.வி.யில் உன் தோள்பட்டையும் சேலைக் கரையும்தான் தெரிகின்றன. மற்றதை ஒரு தூண் மறைக்கிறது. "நம்ம புள்ளைய ஏன் சாமி தூணுக்குப் பின்னால உக்கார வெச்சிருக்காங்க? கேட்டு முன்னால மாத்திக்கச் சொல்லு" என்று தினமும் சொல்கிறாள். முதல் முறை ஜெயித்தவர்களுக்குக் கடைசி வரிசைதான் என்று விளக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட உன்னை முதல் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்களாம்.

இனி கணக்கு. உன் வருகை தொண்ணூற்றாறு சதவீதம். நல்லது. கேட்ட கேள்விகள் பதினாறு. அதில் பதினொன்று கட்சி அலுவலகத்தில் யாரோ தட்டச்சு செய்து கொடுத்தவை. நடையைப் பார்த்தாலே தெரிகிறது. ஆழ்கடல் மீன்பிடிப்புப் பற்றி இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நம் தொகுதியில் கடல் இல்லை அக்கா.

நம் தொகுதியில் இருப்பது ரிக் வண்டி. இந்த ஊர்ச் சாலையில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும், அங்கே நிற்கிற வண்டி ஏழெட்டு மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கும். அந்த ஏழெட்டு மாநிலங்களிலும் நம் ஆட்கள் ஒரே விதமாகச் சாகிறார்கள். லாரி மேல் படுத்திருக்கும் மாஸ்ட் கோபுரத்தை நிமிர்த்தினால் முப்பதடி உயரம். வயலுக்கு மேல் போகும் பதினோராயிரம் வோல்ட் கம்பி தொய்ந்து இருபதடியில் தொங்கும். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்த இடம் கம்பிக்கு நேர் கீழே அமைந்தால், விவசாயி பத்தடி தள்ளிப் போட விடமாட்டார். பிறகு நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒரு கேள்வி எழுதி இணைத்திருக்கிறேன். எழுத்துப் பூர்வமாகப் பதில் கேட்டால் போதும். கடந்த பத்தாண்டுகளில் ரிக் வண்டியின் மாஸ்ட் மின்கம்பியில் பட்டு இறந்தவர்கள் எத்தனை பேர், மாநில வாரியாக. ஒவ்வொரு வண்டியிலும் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்படுமா. நூற்றைம்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நான் அறுபத்தொன்றில் முடித்துவிட்டேன். பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டுமாம், எனவே உடனே கொடு.

இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். சென்றாயன் அண்ணன். அப்பாவின் இரண்டாவது வண்டியில் பத்தொன்பது வருஷம் டிரில்லராக இருந்தவர். நாம் மாடிப்படி ஏறுவதுபோல் அவர் மாஸ்ட்டில் ஏறுவார், வாயில் ஸ்பேனரைக் கடித்துக்கொண்டு. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டிகள் ஊருக்கு வந்திருந்தன. அப்போது என்னிடம் கேட்டார்: "தம்பி, கரண்டுக்குப் படிக்கறீங்க. கம்பிகிட்டப் போனா கத்தற மாதிரி ஒண்ணு பண்ணக் கூடாதுங்களா?" இந்த செமஸ்டர் முடியட்டும் அண்ணா என்றேன். அடுத்த மார்ச்சில் வடக்கே ஒரு வயலில் மாஸ்ட் கம்பியில் பட்டது. நான்கு வருஷம் ஆகிவிட்டது. என் எட்டு செமஸ்டரும் முடிந்துவிட்டது.

இப்போது அந்தக் கருவியைச் செய்துவிட்டேன். சோப்பு டப்பா அளவுதான். கம்பிக்கு இருபதடிக்குள் மாஸ்ட் போனால் காது கிழிகிற மாதிரி கத்தும். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் லைனில் பதினெட்டு முறை சோதித்தேன். பதினெட்டு முறையும் கத்தியது. நம் பட்டறைக்கு வந்து எல்லா முதலாளிகளும் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை. சட்டம் சொன்னால்தான் மாட்டுவார்களாம். சட்டம் செய்கிற இடத்தில் நீ இருக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். டில்லிக் குளிருக்கு அம்மா ஒரு சால்வை அனுப்புகிறாள். மஞ்சள் நிறம். போட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
மாதேஷ்


திருச்செங்கோடு,
டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சால்வையோடு உன்னை டி.வி.யில் பார்த்துவிட்டோம். தூணை மீறி மஞ்சள் நன்றாகத் தெரிகிறது. அம்மாவுக்குத் திருப்தி. என் கேள்வியை ஒரு எழுத்து மாற்றாமல் கொடுத்ததற்கு நன்றி. பதிலையும் படித்தேன்.

மாநிலங்கள் அளித்த தகவலின்படி இத்தகைய மரணம் எதுவும் பதிவாகவில்லை. ஒரே வரி. பத்து வருஷம், இந்தியா முழுக்க, பூஜ்யம். மரணமே இல்லாததால் எச்சரிக்கைக் கருவி பற்றிய கேள்வி எழவில்லையாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். நான்கு பக்கம் திட்டி எழுதினேன். அமைச்சகம் பொய் சொல்கிறது, அவையில் உரிமை மீறல் தீர்மானம் கொண்டு வா என்றெல்லாம் அதில் இருந்தது. தபாலில் போடும் முன் ஆதாரம் வேண்டுமே என்று ஒரு நோட்டோடு பட்டறை பட்டறையாகப் போனேன். பெயர், ஊர், எந்த வருஷம், எந்த வண்டி. நம் சாலையில் மட்டும் பதினொரு பெயர் கிடைத்தது. எட்டுப் பட்டறையில் டீ குடித்தேன். எம்.பி.யோட தம்பி என்று பிஸ்கட்டும் வைத்தார்கள்.

ஒன்பதாவது பட்டறை முருகானந்தம் அண்ணனுடையது. மூன்று வண்டிக்குச் சொந்தக்காரர், அப்பாவோடு சேர்ந்து தொழிலுக்கு வந்தவர். அவரிடம் அந்த பதிலைக் காட்டி அமைச்சகத்தைத் திட்டினேன். அவர் சிரித்தார். "ஏந்தம்பி, டில்லிக்காரனத் திட்டி என்னுங்க பண்றது? செத்தவன் கரண்டுல சாவலைன்னு எழுதிக் குடுத்ததே நாமதானுங்களே" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். மின்விபத்து என்று எழுதினால் மின் ஆய்வாளர் வர வேண்டும். விசாரணை முடியும் வரை வண்டி அந்த ஊர்க் காவல் நிலையத்தில் நிற்கும், மூன்று மாதமோ ஆறு மாதமோ. ஆகவே முதலாளி இங்கிருந்து ஒரு கடிதம் அனுப்புவார். மாரடைப்பு, மேலிருந்து ராடு விழுந்தது, கால் தவறியது. இந்த மூன்றில் ஒன்று. அந்த ஊரில் அதையே எழுதிக்கொள்வார்கள். வண்டி அடுத்த பாயிண்ட்டுக்குப் போய்விடும். இதில் ஒளிவு மறைவே இல்லை அக்கா. டயர் மாற்றுவதைச் சொல்வதுபோல் சொன்னார். என் நோட்டில் இருந்த பதினொரு பெயரையும் வரிசையாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்றில் எது என்று யோசிக்காமல் பதில் சொன்னார்.

சென்றாயன் அண்ணன் பெயர் வந்ததும் மட்டும், அப்பாவைக் கேட்டுக்குங்க தம்பி என்று எழுந்துவிட்டார்.

கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கை கழுவினார். பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு வெளியே போய் டியூபைப் பிடித்து வண்டியைக் கழுவ ஆரம்பித்தார். அது காலையில் கழுவிய வண்டி.

ஃபைலில் இரண்டு காகிதம். ஒன்று ஆஸ்பத்திரிச் சீட்டு. இரண்டு உள்ளங்கையிலும் தீக்காயம் என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே விழுந்தவனுக்கு உள்ளங்கையில் எப்படித் தீக்காயம் வரும் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொன்று கடிதம். மேலே இந்தி, கீழே ஆங்கிலம். மாஸ்ட்டிலிருந்து இறங்கும்போது கால் தவறி விழுந்து இறந்தார், இதில் எங்களுக்கு யார் மீதும் ஐயம் இல்லை என்று இருந்தது. அச்சிட்ட மின்னஞ்சல் என்பதால் நேரமும் அனுப்பியவர் முகவரியும் மேலேயே இருந்தன. காலை ஆறு நாற்பது. முகவரி உன்னுடையது.

நம் வீட்டில் இந்தி தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். புனேயில் சட்டம் படித்துவிட்டு வந்து சேலம் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய். அன்றைக்குக் காலையில் அப்பா போனில் அழுதுகொண்டிருந்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. உடம்பு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வர வேண்டும். சென்றாயன் அண்ணனின் மனைவி மஞ்சுளா அக்கா இங்கே மயங்கி விழுந்து கிடந்தார். சீக்கிரம் ஏதாவது செய் என்று அப்பா சொல்லியிருப்பார், நீ செய்திருப்பாய். அது புரிகிறது. புரிவதால் சரி என்று ஆகிவிடாது.

அமைச்சகம் பொய் சொல்லவில்லை. நாம் கொடுத்த பொய்யைக் கூட்டிப் பார்த்து பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறது. நான்கு பக்கத் திட்டைக் கிழித்துவிட்டேன்.

இந்தக் கூட்டத்தொடர் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. கேள்வி நேரம் முடிந்ததும் வருகிற பூஜ்ய நேரத்தில் பேச தினமும் பெயர் கொடு, குலுக்கலில் வருகிற வரைக்கும். எழுந்து உண்மையைச் சொல். பதினொரு பெயரையும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது வராமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் இந்த பூஜ்யம் உடைய வேண்டும். அதை உடைக்கத் தகுதியான ஆள் நீதான். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா இரண்டு நாளாக வண்டியைத்தான் கழுவிக்கொண்டிருக்கிறார். நீ போன் செய்யாதே. கடிதமாகவே எழுது.

இப்படிக்கு,
மாதேஷ்


திருச்செங்கோடு,
டிசம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் நேற்றுக் காலை வந்தது. ஆறு வரி. இதற்கு முன் நீ எனக்கு எழுதியதில் மிக நீளமான கடிதம் இதுதான் என்பதால் குறை சொல்லவில்லை.

பேசுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வியாழக்கிழமை குலுக்கலில் பெயர் வந்தால் அன்றே பேசுவதாகவும் சொல்லியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் பொதுவாகப் பேசினால் போதும், பெயர் எதுவும் வேண்டாம், மஞ்சுளாவின் மனசு புண்படும் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசிக் காரணம் எனக்கு ஒத்துவரவில்லை. மஞ்சுளாவின் மனசில் என்ன இருக்கிறது என்று மஞ்சுளாவை அல்லவா கேட்க வேண்டும்? நேற்று மத்தியானமே ராசிபுரம் பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மஞ்சுளா அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். பெண் பத்தாவது படிக்கிறாள். போனதும் உன்னைத்தான் விசாரித்தார். அம்மிணி குளிருக்கு ஒழுங்காச் சாப்பிடறாங்களா என்றார். ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷினை நிறுத்தாமலே நான் சொன்னதைக் கேட்டார். கடிதத்தைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். யார் எழுதியது என்பதையும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு என்று நினைத்தால் வந்து திட்டு.

மெஷின் நின்றது. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அவருக்கு அப்போதே தெரியுமாம். இறப்புச் சான்றிதழோடு சேர்த்து நகல் கொடுத்திருக்கிறார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடம்பை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களிடம் எதைக் கேட்பது என்று இருந்துவிட்டாராம்.

பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். வழியில் பஸ்ஸிலேயே நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"கால் தவறி உழுந்தாருன்னா எல்லாரும் அடுத்து என்னங்க கேப்பாங்க? குடிச்சிருந்தாரான்னு கேப்பாங்க. நாலு வருசமா கேக்கறாங்க. எங்க மாமியார் ஊட்டுச் சனம் கேட்டுச்சு. புள்ளையோட பள்ளிக்கூடத்துல கேட்டாங்க. என்ற ஊட்டுக்காரரு பொங்கலுக்குக்கூடத் தொட மாட்டாருங்க தம்பி. கால் தவறுற ஆளும் இல்லீங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம். உங்கக்காவ அத மட்டும் சொல்லச் சொல்லுங்க."

பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேர் சொல்லாமச் சொன்னா அது யாருக்குங்க தெரியும் என்றார்.

திரும்பும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றைத்தான் யோசித்தேன். நாம் எல்லோரும் வண்டி நிற்கக் கூடாது என்று மட்டும் பார்த்தோம். பத்தொன்பது வருஷம் அந்த உயரத்தில் வேலை செய்தவருக்கு, கால் தவறியது என்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று உனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. கம்பித் தொய்வை அங்குலக் கணக்கில் அளந்த எனக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். வழக்கு வருமா என்றார். வரலாம் என்றேன். மற்ற முதலாளிகள் சும்மா விடமாட்டார்கள் என்றும் சொன்னேன். முருகானந்தம் அண்ணன் இப்போதே ஒரு மாதிரிதான் பார்க்கிறார். அப்பா "வரட்டும். எம்பேரைச் சொல்லச் சொல்லு. எழுதிக் குடுத்தது நாந்தான்னு சொல்லட்டும். அவ பேரு அதுல வேண்டாம்" என்றார்.

இன்று காலை ஏழு மணிக்கு என் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பத்து மணிக்கு நான் பட்டறைக்குப் போனபோது, இரண்டாவது வண்டியின் மாஸ்ட் நுனியில் அது உட்கார்ந்திருந்தது. சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வெல்டிங் கோணல். ஆளை விட்டுச் செய்யச் சொல்லியிருக்கலாம். அவரே செய்திருக்கிறார்.

அப்பா சொன்னதை அப்படியே உனக்குச் சொல்லிவிட்டேன். அதற்கு நீ கட்டுப்பட வேண்டுமா என்பது உன் வேலை. என்ன முடிவெடுப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஆறு வரியில் ஒரு இடத்தில் பேனா நின்று மை ஊறியிருக்கிறது. 'அன்றைக்கு நான்' என்று ஆரம்பித்து அடித்திருக்கிறாய். அடித்ததை அவையில் சொல்லி முடி.

கட்சியில் என்ன சொல்வார்கள் என்று யோசிப்பாய். கடைசி வரிசையில் ஒரு வசதி இருக்கிறது. முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க உனக்குப் பின்னால் யாரும் இல்லை.

பேச்சை எழுதி இணைத்திருக்கிறேன். தமிழிலேயே பேசு, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்கள். உனக்குக் கிடைப்பது மூன்று நிமிஷம். நானே படித்துப் பார்த்தேன், இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. நடுவில் ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று சொல்ல வேண்டிய இடம். அதை மட்டும் நான் எழுதக் கூடாது. அதற்கும் மூச்சு வாங்கிக்கொள்ளவும் உனக்கு இருபது விநாடி மிச்சம் இருக்கிறது. நன்றி யாருக்கும் சொல்லாதே. மணி அடிப்பதற்குள் பதினொரு பெயரும் வந்துவிடும். முதல் பெயர் நம் வண்டியுடையது. முதல் வாக்கியம் இது: "எங்கள் ரிக் வண்டியில் வேலை செய்த சென்றாயன் கால் தவறி விழவில்லை, மின்சாரம் தாக்கி இறந்தார்." ஏழு விநாடி. மற்றதெல்லாம் வெட்டுப்பட்டாலும் இது வெட்டுப்படக் கூடாது.

மஞ்சுளா அக்கா எந்தச் சேனல் என்று கேட்டு ஒரு துண்டுத் துணியில் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு மாமியார் வீட்டில் போய்ப் பார்ப்பாராம். தன் வீட்டில் டி.வி. இருக்கிறது. மாமியார் வீட்டில் பார்ப்பது எதற்கு என்று உனக்கே தெரியும். அன்றைக்குக் குலுக்கலில் உன் பெயர் வராவிட்டால் வெள்ளிக்கிழமையும் அடைப்பாராம்.

அம்மாவிடம் நாங்கள் யாரும் எதையும் சொல்லவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்துதான் இருக்கிறாள். கடிதத்தை ஒட்டும் முன் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள், சேர்க்கிறேன்: "சாமி, தூணு இருந்தா இருந்துட்டுப் போகுது. நீ சத்தமாப் பேசு. எல்லாருக்கும் கேக்கோணும்."

இப்படிக்கு,
வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு டி.வி. முன்னால் ஸ்டாப்வாட்ச் இல்லாமல் உட்கார்ந்திருக்கப்போகும்
உன் தம்பி
மாதேஷ்